அறுத்துக் கொடுத்த மட்டைகள்

கோல்ஃப் மட்டை பழுது பார்ப்பது என் தொழில். கிரிப் மாற்றுவது, ஆட்டம் கண்ட தலையை எபாக்சி வைத்து ஒட்டுவது, நெளிந்த ஷாஃப்டை, அதாவது தண்டைக் கழற்றி வேறு போடுவது. சென்னையில் இந்த வேலை செய்கிறவர்கள் குறைவு. அதனால் ஒருவர் சொல்லி இன்னொருவர் என்றுதான் ஆட்கள் வருவார்கள். கோடை விடுமுறை விட்டதும் ஒரே மாதிரி வேலை வந்து குவியும். அப்பாவோ தாத்தாவோ தன்னுடைய பழைய மட்டை இரண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். “மாஸ்டர், பேரனுக்கு. ஒரு எட்டு இன்ச் அறுத்துக் குடுத்துடுங்க. வளர்ற புள்ள, ரெண்டு வருஷம் வர்ற மாதிரி பாத்துக்குங்க.” நான் உடனே ரம்பத்தை எடுப்பதில்லை. “பையனைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா சார்?” என்று கேட்பேன். பெரும்பாலும் பையன் வந்திருக்க மாட்டான்.

பெரியவர் மட்டையை அறுத்துப் பிள்ளை கையில் கொடுக்கும் இந்தப் பழக்கம் கோல்ஃபோடு சேர்ந்தே பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய கதைகளைப் படித்துப் பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது இடையில் வந்த பழக்கம். எஃகு ஷாஃப்ட் வந்த பிறகுதான் அது பிள்ளைகளுக்குப் பெரிய கெடுதலாக மாறியது.

ஸ்காட்லாந்தில் முதன்முதலில் கோல்ஃப் மட்டை செய்தவர்கள் வில் செய்யும் தொழிலாளிகள். நான்காம் ஜேம்ஸ் மன்னர் 1502-இல் பெர்த் நகரத்து வில் தச்சர் ஒருவரிடம் மட்டை வாங்கிய செலவு அரசுக் கணக்கில் இருக்கிறது. 1603-இல் ஆறாம் ஜேம்ஸ், வில்லியம் மெய்ன் என்பவரை அரண்மனைக்கு நியமித்தார். வில், அம்பு, ஈட்டி, கோல்ஃப் மட்டை எல்லாவற்றையும் செய்து தருவது அவர் பொறுப்பு. அதே நாட்டில் 1424-இல் வந்த சட்டம், 12 வயதிலிருந்து ஆண் மக்கள் எல்லாரும் வில் பழக வேண்டும் என்றது. 1457-இல் கோல்ஃபுக்குத் தடை போட்டதும் வில் பயிற்சி கெட்டுப்போகிறது என்பதற்காகத்தான். 12 வயதுப் பையனுக்கு வில் செய்கிறவர் அவன் கையின் நீளத்தையும் தோளின் வலுவையும் பார்க்காமல் வேலையைத் தொடங்க முடியாது. அவனால் இழுக்க முடியாத வில், வில்லே இல்லை. ஆளைப் பார்த்துக் கருவி செய்யும் அந்தக் கண்தான் கோல்ஃப் மட்டைக்கும் வந்து சேர்ந்தது என்று நினைக்கும்போது என் தொழில்மீது எனக்கு மரியாதை கூடுகிறது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளை வரைந்த படங்களில், கோல்ஃபுக்கு நெருங்கிய அவர்கள் ஊர் விளையாட்டின் மட்டையைப் பிள்ளை கையில் பிடித்திருப்பதைப் பார்க்கலாம். அது அந்தப் பிள்ளையின் உயரத்துக்குத் தகுந்த மட்டையாகவே இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஹாரி வார்டனுடையது. பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை 6 முறை வென்ற ஒரே ஆட்டக்காரர் அவர். 1870-இல் ஜெர்சி தீவில், கிரூவில் என்ற ஊரில் ஏழை வீட்டில் பிறந்தவர். அவருக்கு ஏழு வயதானபோது இங்கிலாந்திலிருந்து சிலர் வந்து அந்த ஊர்ப் பொது நிலத்தில் கோல்ஃப் ஆடத் தொடங்கினார்கள். ஊர்ப் பையன்கள் அவர்களுக்கு மட்டை தூக்கப் போனார்கள். பார்த்ததைத் தாங்களும் ஆடிப் பார்க்க ஆசை வந்தது. மட்டை வாங்கக் காசு ஏது? தாங்களே செய்துகொண்டார்கள்.

செய்த விதத்தை வார்டன் 1905-இல் எழுதிய புத்தகத்தில் விவரித்திருக்கிறார். பந்துக்குப் பதில் பெரிய வெள்ளைக் கோலிக்குண்டு. மட்டையின் தலைக்கு, ஊரில் கிடைத்த ஒரு வகைக் கடினமான ஓக் மரத்தின் தடித்த கிளையை வெட்டி, அதில் சில அங்குலத் துண்டை அறுத்து, நீண்ட அடிக்குப் பெரியவர்கள் எடுக்கும் டிரைவர் மட்டையின் தலை போலச் செதுக்கினார்கள். தண்டுக்கு முள்மரக் கம்பு. தலையில் துளை போட வேண்டும். மரம் பிளந்துவிடக் கூடாது. அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அதால் சுட்டுத் துளைத்தார்கள். கம்பைச் செருகி ஆப்பு வைத்து இறுக்கினார்கள். கைத்திறன் கூடியதும் தலைக்குத் தகரம் அடித்துக்கொள்ளவும் கற்றார்கள். நான்கு குழிகள் கொண்ட ஒரு சின்ன மைதானத்தையும் அமைத்துக்கொண்டு நிலா வெளிச்சத்தில்கூட ஆடினார்கள்.

இந்தப் பகுதியை நான் தொழிற்காரனின் கண்ணோடுதான் படித்தேன். அந்த மட்டைகளை யாரும் டேப் வைத்து அளக்கவில்லை. ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளை தானே போய் மட்டைக்குக் கிளை வெட்டினால் எதை வெட்டும்? தன் கையால் தூக்க முடிகிற, தன் விரல்கள் சுற்றிவருகிற கிளையைத்தான். கனம், நீளம், பிடி மூன்றும் அதிலேயே அமைந்துவிட்டன. நீளமாகத் தோன்றினால் ஒரு முடிச்சு அளவு வெட்டிவிடலாம். வளர்ந்துவிட்டால் புதுக் கம்பு செருகலாம். மும்பை செம்பூரின் சந்துகளில் இரும்புக் கம்பியை வளைத்து மட்டையாக்கி, பிளாஸ்டிக் பந்தில் கோல்ஃப் ஆடும் பிள்ளைகளைப் பற்றிப் படித்தபோதும் எனக்கு இதே எண்ணம்தான் வந்தது. அந்தக் கம்பியும் ஆடுகிறவரின் கைக்கு ஏற்றபடி வளைக்கப்பட்டதுதான்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஹியூ ஃபில்ப், அவருக்குப் பின் அவர் உறவினர் ராபர்ட் ஃபோர்கன், தனிக் கடை வைத்த ஓல்டு டாம் மோரிஸ் என்று பெரிய கைகள் இருந்தன. அமெரிக்காவிலிருந்து ஹிக்கரி மரம் கப்பலில் வந்து இறங்கியது. ஹிக்கரித் தண்டைக் கைவேலைக்காரர் இழைத்து, அரத்தால் ராவி, கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்குவார். எந்த இடத்தில் மெலிகிறதோ அந்த இடத்தில் வளையும். எவ்வளவு வளைய வேண்டும் என்பது அவர் விரலில் இருக்கும். மரத் தலையின் பின்பக்கம் குழித்து ஈயம் ஊற்றியிருப்பார்கள். சிறுவனுக்கு என்றால் ஈயத்தைக் குறைக்கலாம், தலையையும் சிறிதாகச் செதுக்கலாம். கிரிப் என்பது துணிச் சுற்றின்மேல் தோல் சுற்றியது. சின்னக் கைக்குத் துணிச் சுற்றைக் குறைத்தால் போதும். நீளம், கனம், வளைவு, பிடி என நான்கையும் ஒரே மேசையில் ஒரே ஆள் மாற்ற முடிந்த காலம் அது. பழைய மட்டை சேகரிப்பவர்களிடம் இன்றும் அந்தக் காலத்துச் சிறுவர் மட்டைகள் இருக்கின்றன. அவை அறுத்தவை அல்ல, முதலிலிருந்தே சிறிதாகச் செய்தவை. ஓல்டு டாமின் மகன் யங் டாம் இப்படிப்பட்ட பட்டறை வீட்டில் வளர்ந்தவர்தான். 1868-இல் 17 வயதில் அவர் ஓப்பன் பட்டத்தை வென்றார். அந்தப் பட்டத்தை இன்றுவரை அதைவிடச் சிறு வயதில் யாரும் வென்றதில்லை.

அறுத்த மட்டையும் அந்தக் காலத்தில் இல்லாமல் இல்லை. அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக்கில், ஐந்தாறு வயதில், குட்டையாக அறுத்த ஒரு கிளீக்கோடுதான் தொடங்கினார். நோஞ்சான் பிள்ளையாக இருந்தவர் வீட்டுக்கு முன்னால் இருந்த சாலையில் பந்தைத் தட்டிக்கொண்டே திரிந்தார். கிளீக் என்பது மெல்லிய முகம் கொண்ட இரும்பு மட்டை, தண்டு ஹிக்கரி. அறுத்தபின் விறைப்பாகத் தோன்றினால் சுரண்டிச் சரிசெய்ய வழி இருந்தது. மரத்தில் தவறு நேர்ந்தாலும் திருத்த இடம் உண்டு.

அந்த வழியை அடைத்தது எஃகு. அமெரிக்க கோல்ஃப் சங்கம் எஃகு ஷாஃப்டை 1924-இல் அனுமதித்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் விதிகளை வகுத்த ஆர் அண்ட் ஏ அமைப்பு 1929-இல். 1932-இல் ஸ்பால்டிங் நிறுவனம் ஜோன்ஸின் பெயரிலேயே எண்ணிட்ட இரும்பு மட்டைத் தொகுதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரியவர்களுக்கு இது நல்ல காலம். ஒரு மட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு சீரானது, மழையில் தண்டு முறுக்கவில்லை, உடையவில்லை. ஆனால் அந்தத் தொகுதிகள் நடுத்தர உயரமுள்ள ஆண் ஒருவரை மனத்தில் வைத்து ஆலையில் செய்யப்பட்டவை. எஃகுக் குழாயைக் கண்ணாடிச் சில்லால் சுரண்ட முடியாது. இரும்புத் தலையில் குறைப்பதற்கு ஈயமே இல்லை. ஊர்ப் பட்டறையில் மிச்சமிருந்த கருவி ரம்பம் ஒன்றுதான். ரம்பம் நீளத்தை மட்டும் மாற்றும்.

நீளத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை வருகிறவர்களுக்கு மேசையிலேயே காட்டுவேன். பெரியவர் ஒருவரின் 7-ஆம் எண் இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 37 அங்குலம். தலை மட்டும் 270 கிராம் அளவில் இருக்கும், எஃகு ஷாஃப்ட் 115, கிரிப் 50. மொத்தம் 435 கிராம். நாலடி உயரப் பையனுக்காக எட்டு அங்குலம் அறுத்தாயிற்று. அறுத்து விழுந்த குழாயைத் தராசில் வைத்தால் சுமார் 25 கிராம்தான் இருக்கும். அதாவது முன்பு 435 கிராமாக இருந்தது இப்போது 410. பையன் பெரியவரின் எடையில் பாதிகூட இல்லை. அவன் கையில் ஏறும் கனம் மட்டும் ஏறக்குறைய பெரியவருடையதேதான். அதில் பெரும்பங்கு தலையில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று விறைப்பு. ஒரே தடிமனுள்ள குழாய் என்று வைத்துக்கொண்டால், நீளம் ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது வளைய மறுக்கும் தன்மை இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. மெதுவாக வீசும் பிள்ளைக்கு நன்றாக வளைந்து கொடுக்கும் ஷாஃப்ட் வேண்டும். அறுத்ததோ பலசாலிக்குக்கூட விறைப்பானது. பந்து மேலே எழாது. எழாத பந்தைத் தூக்கிவிடப் பிள்ளை பின்னால் சாயும். கனத்தைச் சமாளிக்க முழங்கை மடங்கும், இரண்டு கையும் விலகும், வீசி முடித்ததும் எடை முழுவதும் பின்காலில் நிற்கும். இதைப் பார்க்கிற அப்பா, “நேரா நில்லுடா, கையை மடக்காதே” என்று அதட்டுவார். பிள்ளையின் உடம்பு அந்தக் கருவியைத் தூக்க எப்படி நிற்க வேண்டுமோ அப்படித்தான் நிற்கிறது. இந்த அதட்டலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆனாலும் எஃகுக் காலம் முழுக்க, 60 ஆண்டுகளுக்கு மேல், வீட்டு ரம்பம்தான் பிள்ளைகளின் மட்டைக் கடையாக இருந்தது. நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில், கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த டொமிங்கோ லோபஸ் தன் எட்டு வயது மகள் நான்சிக்கு 4-ஆம் எண் மர மட்டையை அறுத்துக் கொடுத்தார். அந்த நான்சி லோபஸ் 1978-இல், தொழில்முறை ஆட்டத்தில் தன் முதல் முழு ஆண்டிலேயே, 9 போட்டிகளில் வென்றார். அதே 1978-இல் இரண்டு வயது டைகர் உட்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மைக் டக்ளஸ் நிகழ்ச்சியில் பந்தடித்தார். அவர் நடக்கத் தொடங்கும் முன்பே பிடித்தது அப்பா ஏர்ல் அறுத்துக் கொடுத்த புட்டர். புட்டர் விஷயத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை; அது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை, அதை ஓங்கி வீச வேண்டியதில்லை.

ஸ்பெயினில் செவ் பால்யஸ்தெரோஸ் கதை வேறு. பெத்ரேன்யா கிராமத்தில் 1957-இல் பிறந்தவர். முதலில் கிடைத்தது ஒரு பழைய இரும்புத் தலை. அதில் குச்சியைச் செருகிக்கொண்டார். பிறகு அண்ணன் மனுவல் கொடுத்த 3-ஆம் எண் இரும்பு ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் எல்லா அடிகளையும் அடித்துப் பழகினார். 1979-இல் ஓப்பன் பட்டம் வென்றார். அளவு பார்க்காத மட்டையோடு வளர்ந்தவர் இப்படிச் சாதித்தாரே என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. செவ்வைக் கொண்டாடுவதில் நான் யாருக்கும் பின்தங்கியவன் இல்லை. ஆனால் வென்றவர்களின் குழந்தைப் பருவம் மட்டுமே புத்தகமாகிறது. தூக்க முடியாத மட்டையோடு ஒரு கோடையைக் கழித்துவிட்டு, இந்த விளையாட்டு தனக்கு வராது என்று முடிவுகட்டிப் போன பிள்ளைகளைப் பற்றி யார் எழுதினார்கள்? அவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் வளர்ந்து, அப்பாவாகி, என்னிடமே வருகிறார்கள்.

தீர்வுக்கான பொருள் நெடுநாள் முன்பே வந்துவிட்டது. ஷேக்ஸ்பியர் என்ற விளையாட்டுக் கருவி நிறுவனத்தில் ஃபிராங்க் தாமஸ் 1969-இல் கிராஃபைட் ஷாஃப்டை உருவாக்கினார். எஃகில் பாதிக் கனத்தில், எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவு வளையும்படி அதைச் செய்யலாம். ஹிக்கரி போனதோடு தொலைந்த வசதி திரும்பி வந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அது முதலில் போனது பெரியவர்களின் டிரைவருக்கு. சிறுவர் மட்டை என்ற பெயரில் கடைகளில் தொங்கியது பெரும்பாலும் பெரியவர் மட்டையின் சிறிய நகல். அட்டையில் 5 முதல் 8 வயது என்று அச்சடித்திருப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் இருவரை அருகருகே நிற்க வைத்தால் ஒருவர் தலை இன்னொருவர் காதளவு இருக்கும். வயதை வைத்து மட்டை விற்பது அளவெடுக்காமல் விற்பதுதான்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் அட்லாண்டாவைச் சேர்ந்த டேன் வான் ஹார்ன். 1990-களின் பின்பாதியில் அவர் தொடங்கிய யு.எஸ். கிட்ஸ் கோல்ஃப், வயதை விட்டுவிட்டு உயரத்தைப் பிடித்தது. 3 அங்குலத்துக்கு ஓர் அளவு: 39, 42, 45, 48, 51 என்று மேலே போகும். தலை பெரியவருடையதைவிடச் சுமார் நாலில் ஒரு பங்கு இலேசு, ஷாஃப்ட் மெலிந்து வளைவது, கிரிப் சின்ன விரலுக்கு ஏற்றது, பந்து எழும்பும்படி டிரைவரின் முகம் நன்றாகச் சாய்ந்தது. 1997-இல் 21 வயதில் டைகர் உட்ஸ் மாஸ்டர்ஸ் போட்டியை 12 அடி வித்தியாசத்தில் வென்ற பிறகு உலகம் முழுக்கப் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குச் சரியான அளவு மட்டை ஆயத்தமாகக் கிடைத்தது காலத்தின் நல்ல பொருத்தம். பிற்பாடு பிங் நிறுவனம் தன் புரோடி ஜி சிறுவர் தொகுதிக்கு, பிள்ளை வளர்ந்ததும் ஒருமுறை நீளமும் கனமும் கிரிப்பும் இலவசமாக மாற்றித் தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஃபில்ப், ஃபோர்கன் காலத்துப் பட்டறை மரியாதை ஓரளவுக்குத் திரும்பியது என்று இதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன்.

பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாக எடுத்து, மடித்துத் தைத்து, அடுத்த ஜூனில் பிரித்துவிடுவது நம் வீடுகளில் நல்ல சிக்கனம். மட்டையில் அப்படி மடித்துத் தைக்க இடமில்லை. ஓர் அங்குலம் இறக்கிப் பிடிக்கலாம், அதோடு சரி. அதற்குமேல் நீளமானால் மட்டையின் நுனி தரையிலிருந்து எழும்பி, குதிகால் பக்கம் மண்ணில் இடிக்கும்; பிள்ளையின் வீச்சு கிரிக்கெட் புல் ஷாட்டாகத் தட்டையாகிவிடும். ஐந்திலிருந்து பத்து வயதுவரை பிள்ளை ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும். 3 அங்குல அளவு ஒன்று ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை ஆண்டுவரை உழைக்கும். ஆகவே நிறைய மட்டை வாங்க வேண்டாம். பெரியவர்களுக்கு 14 மட்டைவரை அனுமதி உண்டு. ஆறு வயதுக்கு ஒரு மர மட்டை, ஒரு 7-ஆம் எண் இரும்பு, குட்டை அடிக்கு ஒரு வெட்ஜ், ஒரு புட்டர் தாராளம்.

அதனால் தாத்தாக்களிடம் நான் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய மட்டையை அறுக்காதீர்கள். அது உங்களுக்காகச் செய்தது, உங்களிடமே இருக்கட்டும். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்து எழுதுங்கள். நிற்கும்போது மணிக்கட்டிலிருந்து தரைவரை எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; ஒரே உயரத்தில் கை நீண்ட பிள்ளையும் உண்டு, குட்டைக் கைப் பிள்ளையும் உண்டு. பிறகு பிள்ளையையே கடைக்கு அழைத்துப் போங்கள். மட்டையை ஒரு கையால் முன்னால் நீட்டிச் சில நொடி பிடிக்கச் சொல்லுங்கள். தலை தாழ்ந்தால் கனம் அதிகம், அடுத்ததை எடுங்கள். வீசி முடித்ததும் முன்காலில் நின்று பந்து போன திசையைப் பார்த்தால் அந்த மட்டையை வாங்கலாம். வளர்ந்தபின் சேராமல் போன மட்டையைப் பரணில் போடாமல், மைதானத்தில் உங்கள் பையைச் சுமக்கும் கேடியின் வீட்டில் அந்த உயரத்தில் ஒரு பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுக் கொடுங்கள். கிரிப் தேய்ந்திருந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன்; அதற்குக் காசு வேண்டாம்.